பாய்லர் ஹவுஸில் ராகு காலம்

பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதைச் சொன்னதும், "இதுக்கா மூணு வருசம் பாலிடெக்னிக்ல படிச்ச?" என்று சிரிக்காத ஆள் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் ஒருவர்கூட இல்லை. இதற்குத்தான் படித்தேன் என்று நானும் சளைக்காமல் சொல்வேன். தண்ணீர் குறைந்தால் நெருப்புப் படுகிற குழாய்கள் காய்ந்து பழுத்துப்போகும். அப்புறம் பாய்லர் ஹவுஸும் இருக்காது, அதில் நிற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள். கூடினாலோ, ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து கிளம்பிப் போய்க் குழாய்களைச் சம்மட்டியால் அடிப்பதுபோல அடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறது. பாய்லர் எரிகிற வரைக்கும் தண்ணீர் அந்தச் சாணுக்குள்ளேயே நிற்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற வழியில் இருந்த ஒரு பேண்டேஜ் துணி மில்லில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. தறியிலிருந்து வரும் துணி கஞ்சியும் மெழுகுமாகப் பழுப்பாக இருக்கும். அதைக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் ஆவி விட்டு மணிக்கணக்கில் அவித்து, வெளுத்து, அலசினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளைத் துணியாகும். அவிப்பதற்கு ஆள் உயரத்துக்கு மேல் நான்கு இரும்புப் பாத்திரங்கள் இருந்தன. மில்லில் அவற்றைப் பானை என்றே சொல்வார்கள். நன்றாக அவிந்த துணியைத் தண்ணீரில் போட்டால் உடனே முங்கும். அரைவேக்காடு மிதக்கும். மிதக்கிற துணி புண்ணின் ஈரத்தை உறிஞ்சாது, அதை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது.

நான் சேர்வதற்குச் சற்று முன்புதான் முதலாளி பழைய பாய்லரைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கியிருந்தார். பழையது குளம் என்றால் புதியது குடம். உள்ளே தண்ணீர் கொஞ்சம்தான் பிடிக்கும், அதனால் சீக்கிரம் கொதிக்கும், விறகும் கடலைத்தொலியும் மிச்சமாகும். ஆனால் கொஞ்சம் அசந்தால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். ஆகவே மட்டத்தைத் தானாகவே சரிபார்த்துக்கொள்கிற பேனல் ஒன்றும் கூடவே வந்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பேனலுக்குக் கேரண்டி என்று விற்ற கம்பெனி சொல்லிவிட்டது. முதலாளி ஆள் தேடினார். அந்தப் படிப்பை முடித்துவிட்டு, கல்யாணமும் ஆகி, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நான் போய் நின்றேன்.

"பாய்லர் ஹவுஸ்ல வேலைம்மா. பயப்பட மாட்டியே?" என்றார்.

"எதுக்குப் பயப்படணும், பாய்லருக்கா, அங்க நிக்கிற ஆம்பளைகளுக்கா?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் இருந்த கணக்கரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டால் மட்டும் அது தமிழுக்குள்ளும் வந்துவிடும். "சரே, நாளைக்கு வா" என்றார். ஆலங்குளத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "வாயை மட்டும் கொஞ்சம் மூடி வச்சேன்னா ஒரு வருசம் ஓட்டிரலாம்" என்று வாழ்த்தி அனுப்பினார்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சம்பளத்துக்காகப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கி, பாய்லர் ஹவுஸுக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது. டியூஷனில் பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கை நான் திருத்தினால் நோட்டோடு போய்விடும். இங்கே திருத்தினால் வால்வு அசைந்தது.

பேனல் செய்கிற வேலையை நான் பாய்லருக்குத் தீ எரிக்கிற பயர்மேனுக்கு இப்படித்தான் சொன்னேன். முதலில் பார்க்க வேண்டும், பிறகு இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட வேண்டும், வித்தியாசம் இருந்தால் கையை நீட்ட வேண்டும். பாய்லரின் வயிற்றில் இருக்கிற டிரான்ஸ்மிட்டர் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும். பார்த்ததைக் காற்றழுத்தமாக மாற்றி மெல்லிய செப்புக் குழாய் வழியாகப் பேனலுக்குச் சொல்லும். பேனலில் உள்ள கன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கொண்டு, மட்டம் ஏறியிருந்தால் தண்ணீர் வருகிற வால்வைக் கொஞ்சம் மூடும், இறங்கியிருந்தால் கொஞ்சம் திறக்கும். இதற்கெல்லாம் மிஞ்சித் தண்ணீர் இறங்கிவிட்டால், தனியாக இருக்கிற ஒரு மிதவை கீழே போய் ஹாரனை அடித்து, தொலி தள்ளுகிற ஸ்க்ரூவையும் ஃபேனையும் நிறுத்திவிடும். அதற்குப் பெயர் டிரிப்.

"நான் வீட்டுல கொழம்புக்குத் தண்ணி ஊத்துற மாதிரிதான் சொல்லுதீக" என்றார் பயர்மேன். அவர் வீட்டில் அவரா குழம்பு வைத்தார் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

வந்தது வினை. பேனலைத் தானியங்கியில் விட்ட முதல் வாரத்திலிருந்தே பாய்லர் டிரிப் ஆக ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். மட்டத்தைக் காட்டும் முள் நடுவில் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கும். திடீரென்று ஹாரன் அலறும், ஃபேன் நிற்கும், தீ படுத்துவிடும். தண்ணீரை ஏற்றித் திரும்பத் தீயைக் கிளப்பி ஆவி வருவதற்குள் பானைகளில் துணி அரைவேக்காட்டில் கிடக்கும். அதை மறுபடி முதலிலிருந்து அவிக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் ஒரு தரம் இது நடந்தது. சில நாள் நடக்காது, அன்றைக்குச் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக பஸ் ஏறினால் மறுநாள் மானத்தை வாங்கும்.

முதலாளி கத்துகிறவர் இல்லை. ஒரு நாள் பாய்லர் ஹவுஸுக்கே வந்து, மிதக்கிற துணித் துண்டு ஒன்றை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன்மா. அதுக்குள்ள சரியாகலைன்னா பேனலத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லிருவேன். பம்பு சுவிட்ச வச்சு கையால ஓட்டிக்கிடுறோம்."

"அப்ப நான்?"

"பேனல் இல்லைன்னா உனக்கு இங்க என்ன வேலை?"

நியாயமான கேள்விதான், அதனால்தான் அப்படிச் சுட்டது. எந்த மில்லும் பேனலுக்கென்று பெண்ணை வேலைக்கு வைக்காது, இதுவே கம்பெனி கேட்டதால் கிடைத்த இடம். இது போனால் எனக்குத் தெருப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுதான். ஆனால் பயந்து ஒடுங்கினேன் என்று நினைக்க வேண்டாம். இயந்திரத்துக்கு மூட் கிடையாது, காரணம் இல்லாமல் அது எதையும் செய்யாது, அந்தக் காரணத்தைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம் வந்தது.

கம்பெனிக்குத் தந்தி அடித்து ஆளை வரவழைத்தோம். பூனாவிலிருந்து வந்தார், தமிழ் தெரியாது, இங்கிலீஷில் பேசுவார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். திங்கட்கிழமை வந்து இறங்கிப் பெட்டியைத் திறப்பதற்குள் ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னால் டிரிப் ஆனது. ஆகா, காலை நேரத்தில்தான் ஏதோ நடக்கிறது என்று செவ்வாயன்று எட்டரைக்கே பேனல் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது போனது, பத்து போனது, ஒன்றும் இல்லை. மத்தியானமும் போனது. நாலரைக்கு டீ குடிக்கப் போனார், அப்போது டிரிப் ஆனது. புதன்கிழமை மாலையில் காத்திருக்கலாம் என்று முடிவு செய்தார், ஒன்றரைக்கு அவர் வாயில் சோற்றோடு ஓடி வந்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு. டிரான்ஸ்மிட்டரை மாற்றினார், வால்வைப் பிரித்துக் கழுவினார், காற்று ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். இதில் ஒழுங்கே இல்லை, இப்படிப்பட்ட பழுதைத்தான் கண்டுபிடிக்கவே முடியாது என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பெட்டியை மூடிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியிடம் பேசப் போவதாகச் சொன்னார். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். நான் பேனலை முறைத்துக்கொண்டு நின்றேன். முள் நடுவில் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றது.

பன்னிரண்டு மணிக்கு, பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி, தட்டில் குங்குமமும் பூவும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு பாய்லர் ஹவுஸுக்குள் வந்தாள். அந்தச் சூட்டுக்குள் அவள் வந்ததே பெரிய விஷயம்.

"மகளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கோம் தாயி. வீட்டுக்காரரோட அவசியம் வந்திரணும்."

"சந்தோசம்க்கா. பதினோரு மணிக்கு டீ குடிக்கையில பக்கத்துலதான நின்னீங்க, அப்பவே குடுத்திருந்தா இந்த வேக்காட்டுல வந்திருக்க வேண்டாமே."

"நல்லாருக்கே! வெள்ளிக்கெழம பத்தரை பன்னெண்டு ராகு காலமில்ல? அது கழியட்டும்னுதான் இம்புட்டு நேரமும் தட்ட மூடி வச்சிருந்தேன்."

நான் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைக்கப்போனேன். பக்கத்துக் கொட்டகையில் பானைகளின் ஆவி வால்வுகளைச் சுற்றித் திறக்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று, நான்கும். ஆவி பாய்கிற இரைச்சல் எழுந்தது. பேனலில் முள் அசைந்தது. அது கீழே இறங்கவில்லை, மேலே ஏறியது. யாரும் தண்ணீர் விடாமலே ஏறியது. கன்ட்ரோலர் உடனே தண்ணீர் வால்வை மூடியது. முள் உச்சிக்குப் போய், கொஞ்சம் தயங்கி, பிறகு படுவேகமாகக் கீழே விழுந்தது. ஹாரன் அலறியது.

அக்கா தட்டோடு இரண்டு அடி பின்னால் போனாள். நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். திங்கள் ஒன்பது, செவ்வாய் நாலரை, புதன் ஒன்றரை, வியாழன் மூன்று, வெள்ளி பன்னிரண்டு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த மணிகள். ராகு காலம் முடிகிற மணிகள். அது எங்களுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. பூனாக்காரருக்கோ அந்த மணிகள் மனப்பாடம் இல்லை.

நடந்தது இதுதான். மற்ற நேரங்களில் பானைகள் தயாராகத் தயாராக ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ராகு காலத்தில் மட்டும் எதையும் திறக்க மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் துணி ஏற்றி முடித்த பானைகளெல்லாம் வரிசையாகக் காத்திருந்து, அது முடிந்த நிமிஷம் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். மூன்றோ நான்கோ காத்திருந்த நாளில் டிரிப். ஒன்றோ இரண்டோ இருந்த நாளில் ஒன்றும் ஆகாது.

அப்படித் திறக்கும்போது தண்ணீர் ஏன் ஏற வேண்டும்? கோலி சோடாவைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். மூடியிருக்கும்போது கம்மென்று இருக்கிற தண்ணீர், கோலியைத் தட்டியதும் நுரைத்துக்கொண்டு வாய்க்கு மேலே பொங்கும். உள்ளே தண்ணீர் கூடவில்லை, அழுத்தம் குறைந்ததும் குமிழி கிளம்பி உப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். பாய்லரும் அப்படியே. ஆவி ஒரே மூச்சில் வெளியே போனதும் அழுத்தம் இறங்கி உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்கக் குமிழியாகிப் பொங்கும். பாவம், பேனலுக்கு மட்டம் ஒன்றுதான் தெரியும். தண்ணீர் நிறைந்துவிட்டது என்று நம்பி வால்வை மூடும். உண்மையில் அந்த நேரத்தில்தான் தண்ணீர் ஆவியாகி ஓடிக்கொண்டிருக்கும். குமிழி அடங்கும்போது குடத்தின் அடி தெரியும். பழைய பாய்லர் குளமாக இருந்ததால் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

பூனாக்காரரிடம் சொன்னேன். முதலில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். பிறகு மணிகளைத் தானே விரல் விட்டுப் பார்த்துக்கொண்டு, தன் அம்மாவும் நல்ல காரியத்துக்கு இந்த நேரம் பார்ப்பாள், ஆனால் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது இதையும் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் யாரும் சொல்லித்தரவில்லை என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது? ராகு காலத்தைக் குற்றம் சொல்கிறாள் என்றால், தீபாவளி வரைக்கும்கூட என்னை வைத்திருக்க மாட்டார்கள். அதற்கு நிரூபணம் வேண்டும். நிரூபணத்துக்குப் பானை மேஸ்திரி வேண்டும்.

மேஸ்திரி கோபத்தில் எனக்கு அண்ணன்.

"பேனலு சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லுங்கம்மா. ராகு காலத்த எதுக்கு இழுக்கிய?" என்றார். "இது புண்ணுல கட்டுற துணி. எவன் புண்ணோ, எவ பெத்த புள்ளையோ. கெட்ட நேரத்துல ஆவி தொறந்து அவிக்க மாட்டேன். எங்கைய முறிச்சாலும் மாட்டேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. காஸ்டிக் நாற்றத்தில் நாள் முழுக்க நிற்கிற மனுஷன், எங்கேயோ கிடக்கிற யாரோ ஒருவரின் காயத்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார். அதை நான் கெடுக்க மாட்டேன்.

"ராகு காலத்துல தொறக்கச் சொல்லல அண்ணாச்சி. முடிஞ்ச பொறவு நாலையும் ஒண்ணா தொறக்காம, செத்த நேரம் விட்டு ஒண்ணொண்ணா தொறங்க. நாளைக்கு ஒரு நாளு மட்டும்."

"தெனமும் எமகண்டம் பாக்கல, சரி. ராகு காலத்துக்குன்னு நிறுத்தி வச்ச பானை எமகண்டத்துல போயி விழலாமா?"

"சனிக்கெழம எமகண்டம் ஒண்ணரைக்கு. பத்தரைக்கு ஆரம்பிச்சா பதினொண்ணுக்குள்ள நாலும் தொறந்திரலாம்."

பேனலைப் பற்றிப் பேசியபோதெல்லாம் வேறெங்கோ பார்த்தவர், இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலண்டரெல்லாம் பாப்பீகளோ?" என்றார். "ஒரு நாளைக்குச் செய்யுதேன். தெனமும் முடியாது. கடைசிப் பானைக்காரன் வீட்டுக்கு நேரங்கழிச்சுப் போகணும்ல, அவன் என்னைய வையுவான்."

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குப் போகிற கூட்டம் எங்கள் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் புகுந்து ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்து, மலைப் பெருமாளுக்கு ஜன்னலிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். பத்தரைக்கு மேஸ்திரி முதல் பானையைத் திறந்தார். முள் கொஞ்சம் ஏறியது, இறங்கியது, நடுவுக்கு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. பூனாக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பயர்மேன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி விறகை எண்ண ஆரம்பித்தார்.

முதலாளியிடம் நானே போனேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது.

"அப்ப ராகு காலம் பாக்கறத விட்டுரச் சொல்றியா?"

"இல்ல முதலாளி. அது அது பாட்டுக்கு இருக்கட்டும். பேனலுக்கு அதைச் சொல்லிக் குடுத்திருவோம்."

எப்படி என்றார். மட்டத்தை மட்டும் பார்க்கிற பேனல் தண்ணீர் பொங்குவதைப் பார்த்து ஏமாந்துபோகிறது. போகிற ஆவியையும் அளந்து காட்டினால் ஏமாறாது என்றேன். ஆவி போகும் பெரிய குழாயில் நடுவில் துளை போட்ட ஒரு தகடு வைத்தால், தகட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசத்திலிருந்து எவ்வளவு ஆவி போகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சேதியையும் கன்ட்ரோலருக்குக் கொடுத்தால், எவ்வளவு ஆவி வெளியே போகிறதோ அவ்வளவு தண்ணீரை உள்ளே விடச் சொல்லும். மட்டத்தைப் பார்த்துச் சின்னத் திருத்தம் மட்டும் செய்துகொள்ளும். நான்கு பானையும் ஒன்றாகத் திறந்தாலும், முள் ஏறுகிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.

"வரவு செலவு பாக்கற மாதிரி" என்றார் முதலாளி.

"அதேதான்."

கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சரே" என்றார்.

தகடும் இன்னொரு டிரான்ஸ்மிட்டரும் பூனாவிலிருந்து ஐப்பசியில் வந்து சேர்ந்தன. பூனாக்காரரே வந்து மாட்டினார், நான் கூடவே நின்று செப்புக் குழாய் வளைத்தேன். தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை, ராகு காலம் முடிந்ததும் மேஸ்திரி வேண்டுமென்றே நான்கு வால்வையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்தார். இரைச்சல் கிளம்பியது. முள் ஏறியது. ஆனால் இந்தத் தடவை தண்ணீர் வால்வு மூடவில்லை, நன்றாகத் திறந்துகொண்டது. முள் ஏறி, இறங்கி, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நடுவில் போய் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், யாரும் நம்பவில்லை. தீபாவளிக்கு வாங்கிய சேலை அந்த வருஷம் எனக்கு இரண்டு மடங்கு அழகாகத் தெரிந்தது.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தே போனேன்.

"ரொம்ப சந்தோசம்மா. துணி எல்லாம் நல்லா முங்குது. பேனலு இப்பத் தானா ஓடுது, இல்லையா?"

"ஆமா முதலாளி."

"அதான் யோசிச்சேன். இனிமே அதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு? பயர்மேனு பாத்துக்கிடுவாரு. எங்கயாவது நல்ல எடத்துல சொல்லி விடுறேன்."

பேனல் கெட்டிருந்தால் நான் வேண்டாம். பேனல் நன்றாக ஓடினாலும் நான் வேண்டாம். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது. சர்டிபிகேட் வாங்கிய பயர்மேன் முன்னால் நிற்காமல் பாய்லரை எரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவரை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எனக்காக ஒரு சட்டமும் இல்லை, எனக்கு நான்தான் உண்டு.

"செத்த நேரம் பாய்லர் ஹவுஸுக்கு வாங்க முதலாளி. பொறவு முடிவு பண்ணுங்க" என்றேன். என் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுந்து வந்தார்.

பயர்மேனைக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நிற்க வைத்தேன். பாய்லரோடு ஒட்டி நிற்கிற அந்தக் கண்ணாடியில் தண்ணீரை நேராகக் கண்ணால் பார்க்கலாம். பேனலைக் கைக்கு மாற்றி, வால்வை நானே பிடித்துக்கொண்டேன். பிறகு டிரான்ஸ்மிட்டருக்குப் போகிற இரண்டு மெல்லிய குழாய்களில் ஒன்றின் அடியில் இருந்த சின்ன வால்வைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரை வடித்துவிட்டேன். முள் மெல்ல ஏறி உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

"இப்பப் பாய்லர்ல தண்ணி எம்புட்டு இருக்கு முதலாளி?"

அவர் பேனலைப் பார்த்தார். "புல்லா இருக்கு."

"அண்ணே, கண்ணாடியில எம்புட்டு?"

"பாதிதான் இருக்கு" என்றார் பயர்மேன்.

முதலாளி கண்ணாடியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னேன். அந்தக் குழாயில் எப்போதும் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் டிரான்ஸ்மிட்டர் மட்டத்தைச் சொல்கிறது. எங்காவது ஒரு மரை தளர்ந்து துளித் துளியாகக் கசிந்து அது வடிந்துபோனால், பாய்லர் நிறைந்துவிட்டது என்று பேனல் சத்தியம் பண்ணும், வால்வை இறுக்கி மூடும். தானியங்கியில் விட்டிருந்தால் இந்நேரம் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்காது.

"ஹாரன் அடிக்கும்ல?"

"அடிக்கும். அந்த மிதவை சகதியில ஒட்டிக்கிடாம இருந்தா அடிக்கும். ஒட்டிக்கிடாம இருக்கான்னு வாராவாரம் தண்ணியத் தொறந்து விட்டு நான்தான் பாக்கேன்."

"இது எப்ப நடக்கும்?"

"எப்ப நடக்கும்னு தெரிஞ்சா ஆளே வேண்டாம் முதலாளி. அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள வச்சுக்கிடலாம். தெரியாததுனாலதான் நான்."

வடித்த குழாய் நிறைய ஆவி குளிர்ந்து தண்ணீராகிச் சேர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை நான் கண்ணாடியைப் பார்த்து வால்வைக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் போகாமல் நின்றார். சட்டை முழுக்க வேர்த்துவிட்டது, அப்போதும் நின்றார். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கண்ணாடி சொன்னதையே அதுவும் சொன்னபோது பேனலைத் தானியங்கிக்கு மாற்றினேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் பயர்மேன்.

"ஒண்ணுஞ் சொல்லல."

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் ஆள் ஒருவர் பிரம்பு நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அதுவரை பாய்லர் ஹவுஸில் எனக்கென்று உட்கார ஒன்றும் இருந்ததில்லை. அங்கே இருந்த ஒரே ஸ்டூலும் பயர்மேனுடையது. கால் வலித்தால் விறகுக் கட்டையில் சாய்வேன்.

"இத இங்கேயே போட்டுரச் சொன்னாரு மொதலாளி. ஒங்களுக்குத்தானாம்" என்று பேனலுக்கு நேர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

உட்கார்ந்து பார்த்தேன். பேனல் தெரிந்தது, கண்ணாடி தெரியவில்லை. எழுந்து, நாற்காலியைத் தரதரவென்று இழுத்து, இரண்டும் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.